நம்ம டவுன் திரும்ப எழும்பணும்னா: வர்த்தகர் சங்கம் என்ன செய்யலாம், ஒரு எளிய விளக்கம்

ஒரு டவுன் படுத்துப் போறது ஒரே நாள்ல நடக்குற விஷயம் இல்லங்க. மொதல்ல மேல் மாடி காலியாகும். டெய்லர் கடை போயிரும், போட்டோ ஸ்டூடியோ போயிரும், மேல ஏறுற படிக்கட்டுல பழைய அட்டப்பெட்டிய அடுக்கி வச்சிருப்பாங்க. அப்புறம் கீழ ரெண்டு ஷட்டர் தெறக்காம கெடக்கும், "கடை வாடகைக்கு"ன்னு ஒட்டுன பேப்பர் மழைல நனைஞ்சு எழுத்தெல்லாம் கரைஞ்சிருக்கும், அதுக்கு மேல யாரோ டியூஷன் போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. அந்த ஷட்டருக்கு முன்னால லைட் இல்ல, அதனால ஆறு மணிக்கு மேல பொம்பளைங்க அந்தப் பக்கம் நடக்க மாட்டாங்க, அவங்க நடக்கலன்னா பக்கத்துக் கடைக்கும் வியாபாரம் இல்ல, அவரும் ஆறு மணிக்கே பூட்ட ஆரம்பிப்பாரு, இப்படியே ஒரு துண்டு ரோட்டு முழுசா இருட்டாயிரும். ஹட்டனோ தலவாக்கலையோ நாவலப்பிட்டியோ பண்டாரவளையோ, உங்க டவுன்லயும் இப்படி ஒரு துண்டு ரோட்டு உங்களுக்கு ஞாபகம் வரும்.

இத சரி பண்றது யாரு வேலைன்னு கேட்டா எல்லாரும் நகர சபையத்தான் காட்டுவாங்க. சபைக்கு பொறுப்பு இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வெளிநாடுகள்ல பல ஊர்ல டவுன் திரும்ப எழும்புன கதையப் பாத்தீங்கன்னா அந்த ரோட்டுல கடை வச்சிருக்கிறவங்களே ஒண்ணா சேந்து நடத்துன ஒரு சங்கம் அதுக்குப் பின்னால இருக்கும். அது என்ன மாதிரி சங்கம், காசு எங்க இருந்து வருது, என்னென்ன வேலை செய்யுது, நம்ம மலையகத்து டவுனுக்கு அது சரிவருமா, இதையெல்லாம் புதுசா கேக்குறவங்களுக்கும் புரியிற மாதிரி எழுதுறேன். ஹட்டன உதாரணத்துக்கு எடுத்துக்குறேன், உங்க டவுனுக்கு நீங்க மாத்திப் பாத்துக்கலாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லணும், நம்ம கிட்ட வர்த்தகர் சங்கம் இல்லாம இல்ல. ஹர்த்தால்னா கடை பூட்ட வைக்குறது, பெரிய மனுஷங்க யாராவது போயிட்டா வெள்ளக்கொடி கட்டுறது, கோயில் திருவிழாவுல வர்த்தகர் உபயம் எடுக்குறது, வரி கூடுனா சபையோட பேசுறது, மண்சரிவு வெள்ளம்னா அரிசி பருப்பு சேத்து லொறில ஏத்தி அனுப்புறது, இதெல்லாம் சங்கம் செஞ்சுட்டுத்தான் இருக்கு. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் அடிச்சு ரோட்டு, ரயில் பாதை எல்லாம் அறுந்து கெடந்தப்ப மலையகத்துல கடை தெறந்து சாமான் குடுத்தவங்க எத்தன பேர மனுஷனா நிக்க வச்சாங்கன்னு நமக்குத் தெரியும். ஒரே நாள்ல மெயின் ஸ்ட்ரீட் முழுக்க ஷட்டர எறக்க வைக்க முடியிற சங்கம் சின்ன சங்கம் இல்லங்க, அது பெரிய பலம். அந்த பலத்த வருஷம் முழுக்க அந்த ரோட்டுக்காகவே செலவழிக்கிறதுதான் நான் இங்க சொல்ல வர்ற விஷயம்.

அடிப்படை இதுதான். கொழும்புல இருக்குற பெரிய ஷாப்பிங் மோல் ஒண்ண எடுத்துக்குங்க. உள்ள நூறு கடை இருந்தாலும் கட்டடத்துக்கு நிர்வாகம் ஒண்ணுதான். கூட்டுறது, லைட், டொய்லட், பார்க்கிங், எந்த கடைக்கு பக்கத்துல எந்த கடை வரணும், பண்டிகைக்கு என்ன சோடிக்கணும், எல்லாத்தையும் அந்த நிர்வாகம் பாக்கும், செலவ எல்லா கடை மேலயும் பிரிச்சுப் போட்டு மாசா மாசம் வாங்கிக்கும். நம்ம மெயின் ஸ்ட்ரீட்லயும் நூறு கடை இருக்கு, ஆனா ரெண்டு கடைக்கு நடுவுல இருக்குற எடத்துக்கு யாருமே சொந்தக்காரர் இல்ல. கடைக்குள்ள டைல்ஸ் மின்னும், வாசல்ல கான் மூடி ஒடஞ்சு கெடக்கும். கடைக்குள்ள இருக்குறது முதலாளியோட பொறுப்பு, வெளிய இருக்குறது "யாராவது" பொறுப்பு. அந்த யாராவதுக்கு ஒரு ஆள், ஒரு கணக்கு, ஒரு திட்டம் போட்டுக் குடுக்குறதுதான் நகர மீட்பு சங்கம்.

இது சட்டபூர்வமா மொதல்ல நடந்தது கனடாவுல, டொரொன்டோ நகரத்துல, புளூர் வெஸ்ட் வில்லேஜ்னு சொல்ற கடைத்தெருவுல. 1964ல யோர்க்டேல்னு பெரிய மோல் ஒண்ணு தெறந்தாங்க. 1968ல அந்த ரோட்டோரமா நிலத்தடி ரயில் வந்துச்சு. அதுவரைக்கும் ரோட்டு மேல ட்ராம்ல போன சனம் கண்ணாடி வழியா கடையப் பாத்து எறங்கி வாங்கிட்டு இருந்தாங்க, ரயில் வந்ததும் எல்லாரும் பூமிக்கு கீழ போயிட்டாங்க. கடைக்காரங்க சும்மா இருக்காம சேந்து காசு போட்டு ரோட்ட அழகு பண்ணலாம்னு பாத்தாங்க. அங்கதான் ஒரு சிக்கல் வந்துச்சு, அது நம்ம ஊர்லயும் அப்படியே வரும், அதனால அத கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

பேச்சுக்கு ஒரு கணக்கு வைப்போம். ஹட்டன்ல ஒரு ரோட்டுல 100 கடை இருக்கு. கடைக்கு மாசம் 500 ரூபா போட்டா மாசம் 50,000, வருஷத்துக்கு 6 லட்சம். லைட் போட, கான் மூடி மாத்த, காலைல ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் கூட்ட ஆள் போட ஆரம்பிக்கலாம். மொத மாசம் 60 பேர் குடுப்பாங்க. லைட் வந்துரும். ஆனா லைட் குடுத்தவர் கடைக்கு முன்னால மட்டும் எரியாது, குடுக்காதவர் கடைக்கு முன்னாலயும் எரியும். குடுக்காதவருக்கு அதே வெளிச்சம், அதே கூட்டம். இத பாத்துட்டு அடுத்த மாசம் "அவரு குடுக்கல நான் மட்டும் எதுக்கு"ன்னு பத்து பேர் நிப்பாட்டுவாங்க, ஆறு மாசத்துல இருபது பேர் மிஞ்சுவாங்க, அந்த இருபது பேருக்கு மனசு கசந்து போய் எல்லாமே நின்னுரும். யாரும் கெட்டவங்க இல்ல. பலன் எல்லாருக்கும் போற வேலைல பணத்த மட்டும் இஷ்டத்துக்கு விட்டா இப்படித்தான் முடியும்.

டொரொன்டோக்காரங்க இதுக்கு ஒரு வழி கேட்டாங்க. அந்த எல்லைக்குள்ள இருக்குற எல்லா வியாபார கட்டடத்துக்கும் வரியோட சேத்து ஒரு சின்ன தொகைய நகர சபையே அறவிடணும், அறவிட்ட காச அப்படியே சங்கத்துக்குக் குடுத்துரணும், எத எதுக்கு செலவழிக்கணும்னு சங்கம் கூட்டம் போட்டு முடிவு பண்ணும், வருஷ பட்ஜெட்ட சபை பாத்து சரின்னு சொல்லணும். 1970ல இது நடைமுறைக்கு வந்துச்சு. இன்னைக்கு டொரொன்டோவுல மட்டும் இந்த மாதிரி 80க்கு மேல இருக்கு. முக்கியமான விஷயம், பெரிய கட்டடம் கூடுதலா குடுக்கும், சின்ன கடை கொறைய குடுக்கும், ஏன்னா தொகைய கட்டடத்து மதிப்ப வச்சு பிரிக்கிறாங்க. யாரும் தப்பிக்க முடியாது, அதனால யாருக்கும் மனசு கசக்காது.

அப்புறம் இது அமெரிக்கா, இங்கிலாந்துன்னு பரவிச்சு. இங்கிலாந்துல 2003ல சட்டம் வந்துச்சு, அவங்க வாக்கெடுப்பு வைக்கிறாங்க. வாக்குப் போட்டவங்க எண்ணிக்கைலயும் பாதிக்கு மேல வேணும், அவங்க கட்டடங்களோட மதிப்புலயும் பாதிக்கு மேல வேணும். சின்னக் கடைக்காரங்க சேந்து பெரியவங்க தலைல கட்டவும் முடியாது, நாலு பெரிய முதலாளி சேந்து சின்னவங்களுக்கு மேல போடவும் முடியாது. கூடுனது அஞ்சு வருஷம், அதுக்கப்புறம் திரும்ப வாக்கெடுப்பு. வேலை நடக்கலன்னா அடுத்த வாக்குல சங்கம் விழுந்துரும். எனக்கு இதுல ரொம்ப புடிச்சது இந்த அஞ்சு வருஷ கெடுதான், நம்ம ஊர்ல ஒரு தரம் தலைவரா வந்தவர அசைக்க முடியாதுன்னு நெலம இருக்குற எடத்துல இது பெரிய விஷயம்.

நம்ம நாட்டுல கட்டடத்துக்கு சோலை வரின்னு சபைக்கு கட்டுறோம், ஜனவரி 31க்குள்ள முழு வருஷத்துக்கும் கட்டுனா பத்து வீதம் கழிவு கூட இருக்கு. ஆனா அந்த வரியோட சேத்து ஒரு ரோட்டுக்குன்னு தனியா அறவிட்டு வர்த்தகர் சங்கத்துக்குக் குடுக்குற ஏற்பாடு நம்ம டவுன்கள்ல நடைமுறைல இல்ல. அதனால நாம சட்டத்த வச்சு இல்ல, ஒப்பந்தத்த வச்சுத்தான் ஆரம்பிக்கணும். இதுக்கு நல்ல உதாரணம் நம்ம கண்ணு முன்னாலயே இருக்கு. கோயில் திருவிழாவுக்கு உபயம் பிரிக்குறத பாருங்க, எந்த சட்டமும் இல்லாம வருஷா வருஷம் காசு வருது. ஏன் வருதுன்னா யாரு என்ன குடுத்தாங்கன்னு நோட்டீஸ்ல பேர் அடிக்கிறாங்க, எந்த நாள் யாரு உபயம்னு எல்லாருக்கும் தெரியும், குடுத்த காசு அன்னைக்கே பூவா, மேளமா, அன்னதானமா கண்ணுல தெரியுது. ரோட்டுக்கு பிரிக்குற காசுலயும் இந்த மூணும் இருந்தா, அதாவது பேர் வெளிய தெரியணும், மொற முன்கூட்டியே தெரியணும், வேலை கண்ணுல தெரியணும், அப்படி இருந்தா சட்டம் இல்லாமலே ஒரு ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். அதுக்குள்ள சபையோட பேசி நிரந்தர வழி தேடிக்கலாம்.

அமெரிக்காவுல இன்னொரு மொற இருக்கு, அது சின்ன டவுனுக்கு இன்னும் பொருத்தம். 1977ல பழைய கட்டடங்கள பாதுகாக்குற தேசிய அறக்கட்டளை ஒண்ணு மூணு சின்ன டவுன்கள எடுத்து சோதிச்சுப் பாத்துச்சு, இலினோய்ல கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவுல ஹொட் ஸ்ப்ரிங்ஸ், இந்தியானாவுல மேடிசன். அங்கயும் நம்ம கதைதான், ஊருக்கு வெளிய பெரிய கடைத்தொகுதி வந்து மெயின் ஸ்ட்ரீட் காலியாச்சு. அவங்க நாலு வேலையா பிரிச்சுக்கிட்டாங்க: ஆள சேத்து அமைப்பா நிக்கிறது, ஊரப் பத்தி நல்லதா சொல்லி சனத்த வர வைக்கிறது, ரோட்டையும் கட்டட முகப்பையும் ஒழுங்கு பண்றது, என்ன வியாபாரம் இங்க நிக்கும்னு பாத்து பொருளாதாரத்த பலப்படுத்துறது. 1980ல இதுக்குன்னே மெயின் ஸ்ட்ரீட் நிலையம் ஒண்ண தேசிய அளவுல தொடங்குனாங்க.

நாலும் முக்கியம்னாலும் அதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது வேற ஒண்ணு. ஒவ்வொரு டவுனுக்கும் சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டாங்க. அந்த ஆளுக்கு கடை கிடையாது, காலைல எந்திரிச்சா அந்த ரோட்டு மட்டும்தான் வேலை. நம்ம சங்கத்துல தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால இருக்குறவங்க, கூட்டம் முடிஞ்சதும் தீர்மானம் மினிட் கொப்பில தூங்கிரும், ஏன்னா அத எடுத்துட்டு சபைக்கு நாலு தரம் நடக்க யாருக்கும் நேரம் இல்ல. படிச்சிட்டு வேலை தேடி கொழும்புக்கு பஸ் ஏறுற நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு அந்த வேலைய குடுக்கலாம். மேல சொன்ன 6 லட்சத்துல பாதிக்கு மேல அந்த சம்பளத்துக்கே போயிரும், உண்மைதான். போனாலும் பரவால்ல, லைட்ட விட அந்த ஆள்தான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

சரி, இனி நம்ம டவுனுக்கு வருவோம். மலையகத்து டவுன் வேற டவுன் மாதிரி இல்ல, இதோட வியாபாரம் தோட்டத்து சம்பளத்தோட கட்டுப்பட்டது. பத்தாம் தேதி சம்பளம், அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம டவுன்ல நடக்க எடம் இருக்காது. அந்த ஒரு நாள்ல அம்மா, பிள்ளைங்க, பாட்டி எல்லாம் பஸ்ஸுல எறங்கி அடகு வச்ச நகைய மீட்கப் போவாங்க, மளிகைக் கடைல போன மாசத்துக் கடன் கொப்பிய அடைச்சுட்டு புதுப் பக்கம் தெறப்பாங்க, பிள்ளைக்கு சப்பாத்து வாங்குவாங்க, ரொட்டி கடைல ஒரு டீ, ஒரு வடை. அதுக்கப்புறம் இருபதாம் தேதி வாக்குல டவுன் ஈயோட்டும். இந்த ஏத்த எறக்கத்த தெரியாம வெளிநாட்டு திட்டத்த அப்படியே கொண்டு வந்து வச்சா வேலைக்கு ஆகாது.

அந்தக் குடும்பத்து கைல எவ்வளவு இருக்குன்னும் பாக்கணும். 2024ல அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா ஆச்சு. அந்தக் கணக்குல மாசம் 20 பேர் போட்டா, அதாவது 20 நாள் வேலை செஞ்சா 27,000, ஈபிஎஃப்னு சேமலாப நிதிக்கு 8 வீதம் போனா 24,840, அதுலயும் அட்வான்ஸ், தீவாளி முற்பணம், தொழிற்சங்க சந்தான்னு இன்னும் புடிப்பாங்க. அதனால டவுன எழுப்புறோம்னு சொல்லி இவங்க கைல இருந்து இன்னும் பத்து ரூபாய புடுங்குற யோசன இருந்தா அது தப்பு, புடுங்க அங்க ஒண்ணும் இல்ல. வேற எங்கயோ செலவாகுற நம்ம ஊர் காசு ஒண்ணு இருக்கு, அதத்தான் பாக்கணும்.

கொழும்புல கடைல, கார்மண்ட்ஸ்ல, வீட்டு வேலைல நிக்குற நம்ம பிள்ளைங்க தீவாளிக்கு ஊருக்கு வர்றத பாருங்க. ஹட்டன் ஸ்டேஷன்ல, பஸ் ஸ்டாண்ட்ல எறங்குறப்பவே ரெண்டு கைலயும் பை. அம்மாவுக்கு சேலை, அப்பாவுக்கு ஷர்ட், தங்கச்சிக்கு சுரிதார், பட்டாசு கூட. எல்லாம் புறக்கோட்டைல வாங்குனது. வருஷம் முழுக்க ஒழைச்ச காச அவங்க நம்ம ஊருக்குள்ள கொண்டு வர்றதுக்கு முன்னாலயே செலவழிச்சு முடிச்சிருப்பாங்க. ஏன் இங்க வாங்கலன்னு கேட்டா வெல கூட, டிசைன் இல்ல, சைஸ் இல்லன்னா மாத்தித் தர மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. இத ஒரு புடவைக் கடை தனியா சரி பண்ண முடியாது, பத்து புடவைக் கடை சேந்தா முடியும். சேந்து மொத்தமா எறக்குனா வெல கொறையும், "இந்த ரோட்டுல எந்தக் கடைல வாங்குனாலும் ஏழு நாளைக்குள்ள பில்லோட வந்தா மாத்தித் தருவோம்"னு எல்லாக் கடைலயும் ஒரே நோட்டீஸ் ஒட்டலாம், தீவாளிக்கு மூணு வாரத்துக்கு முன்னாலயே டிசைன் படத்த வட்ஸ்அப்ல, பேஸ்புக்ல போட்டு கொழும்புல இருக்குற பிள்ளை அங்க இருந்தே பாத்து ஒதுக்கி வைக்க சொல்லலாம், அம்மா போய் அளவு பாத்து எடுக்கலாம். கட்டடம் கட்ட வேணாம், பெரிய செலவு இல்ல. நகர மீட்புன்னு சொன்னதும் எல்லாரும் பெயிண்ட், பூச்சட்டின்னு நெனைப்பாங்க, என்னைக் கேட்டா இந்த ஏழு நாள் நோட்டீஸ்தான் மொத வேலை.

ரெண்டாவது மழை. ஹட்டன் பக்கம் தென்மேல் பருவக்காத்து ஆரம்பிச்சா மே மாசத்துல இருந்து மாசக்கணக்கா ஊத்தும். அப்ப டவுன்ல சனம் எப்படி நடக்குதுன்னு கவனிச்சிருப்பீங்க. ஒரு கடைக்கு முன்னால தகரம் நீட்டி இருக்கும், அடுத்த கடைக்கு ஒண்ணுமே இல்ல, அதுக்கு அடுத்த கடைல தகரத்துத் தண்ணி நேரா நடக்குறவங்க தலைல விழும். அதனால பஸ்ஸுல எறங்குனவங்க கிட்ட இருக்குற மூணு கடைக்குள்ளயே எல்லாத்தையும் வாங்கிட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சிருவாங்க, ரோட்டு மேல் முனைல இருக்குற கடைக்கு மழைக்காலம் பூரா வியாபாரம் கெடையாது. ஜப்பான்ல கடைத்தெரு சங்கங்களுக்குன்னே 1962ல தனிச் சட்டம் போட்டாங்க, அந்த சங்கங்கள் பல ஊர்ல கடைத்தெரு முழுசுக்கும் மேல கூரையே போட்டிருக்கு, ஒரு முனைல நொழைஞ்சா மறு முனைல நனையாம வரலாம். நமக்கு அவ்வளவு பெரிய கூரை வேணாம். ஒரே உயரத்துல, ஒரே அகலத்துல, ஒண்ணோட ஒண்ணு தொட்டு நிக்குற மாதிரி ஒவ்வொரு கடையும் தகரம் நீட்டி, தண்ணிக்கு ஒரு பீலி வச்சு கானுக்குள்ள எறக்குனா போதும். பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் ஒரு பாட்டி கொடை விரிக்காம நடந்து போக முடியும்னா அந்த வழில இருக்குற எல்லாக் கடையும் அவங்க கண்ணுல படும்.

டொய்லட் விஷயத்த சுருக்கமா சொல்றேன், ஆனா சுருக்கமா சொல்றதால சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. தோட்டத்துல இருந்து காலைல கெளம்பி வர்ற பொம்பளைங்களுக்கு டவுன்ல சுத்தமா, பூட்டு போடக்கூடிய, தண்ணி வர்ற ஒரு டொய்லட் இல்லன்னா அவங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல டவுன்ல நிக்க மாட்டாங்க, தண்ணி கூட குடிக்காம திரும்பிப் போவாங்க. கைக்கொழந்தைக்கு பால் குடுக்க ஒரு மறைவான எடம், வயசானவங்க ஒக்கார நாலு பெஞ்சு, இதெல்லாம் சங்கம் சபையோட சேந்து செய்யணும், சபை கட்டிக் குடுத்தா சுத்தம் பண்ற ஆள் சம்பளத்த சங்கம் ஏத்துக்கலாம்.

அடுத்தது சீசன். டிசம்பர் போயால இருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு போறவங்க பெரும்பகுதி ஹட்டன் வழியாத்தான் மஸ்கெலியா, நல்லதண்ணிக்கு போறாங்க. ராத்திரில வந்து குளுருல நடுங்கி எறங்குறவங்களுக்கு சூடா ஒரு டீ, ஒரு குல்லா, ஒரு டோர்ச், போன் சார்ஜ் போட ஒரு எடம் வேணும். எல்லாக் கடையும் விடிய விடிய தெறக்கணும்னு இல்ல, சங்கம் மொற போட்டு ஒவ்வொரு ராத்திரியும் அஞ்சாறு கடை தெறந்தா போதும், எந்தக் கடைன்னு ஸ்டேஷன் வாசல்ல தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் ஒரு போர்ட். அதே மாதிரி கண்டில இருந்து எல்ல வரைக்கும் ரயில் ஓடுறப்ப அதுல போற வெள்ளைக்காரங்க ஹட்டன் வழியாத்தான் போறாங்க, ஜன்னல் வழியா படம் எடுத்துட்டு போயிருவாங்க. எல்லாரையும் எறக்க வேணாம், பத்துல ஒருத்தர் ஒரு ராத்திரி தங்க ஒரு காரணம் குடுத்தா போதும், நல்ல தேயில டீய தேயில வெளையிற ஊர்லயே ருசி பாத்து வாங்க ஒரு எடம் இருந்தா அதுவே காரணம்.

பார்க்கிங்ல மொத வேலை கடைக்காரங்க கிட்டயே இருக்கு. காலைல எட்டு மணிக்கு முதலாளியோட வேன் கடை வாசல்லயே நிக்கும், ராத்திரி வரைக்கும் எடுக்க மாட்டாங்க, சாமான் வாங்க வர்றவருக்கு நிறுத்த எடம் இல்ல. மெயின் ஸ்ட்ரீட் மொறைல வேலை செஞ்ச ஊர்கள்லயும் இந்தப் பிரச்சினை இருந்துச்சு. முதலாளிமாரும் கடைல வேலை செய்றவங்களும் வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துறதுன்னு சங்கத்துல ஒரு முடிவு, அவ்வளவுதான்.

நடைபாதை கடைக்காரங்க விஷயம்தான் மனசுக்கு கஷ்டமானது. தீவாளி நேரம் ரோட்டோரம் கடை போடுறவங்கள எழுப்பச் சொல்லி சங்கம் சபைக்கு மனு குடுக்கும், வாடகையும் வரியும் கட்டி கடை நடத்துறவரோட கோபத்துல ஞாயம் இருக்கு, ஆனா கட்டில்ல சட்டைய பரப்பி வச்சு விக்குறதும் பெரும்பாலும் நம்ம தோட்டத்துப் பிள்ளைதான், அவன் சத்தம் போட்டு கூப்புடுறதாலதான் ரோட்டுக்கே கூட்டம் வருதுன்னு கடைக்காரங்களுக்கும் தெரியும். வெளிநாட்டுல இந்த மாதிரி சங்கங்கள் மேல வந்த பெரிய குற்றச்சாட்டே சுத்தம் பண்றோம்னு சொல்லி ஏழைங்கள ரோட்ட விட்டு தள்ளுறாங்கன்றதுதான். அந்தத் தப்பு இங்க வேணாம். எடத்த அளந்து கோடு போட்டு, நம்பர் குடுத்து, கடை வாசல மறைக்காம, சின்னத் தொகை ஒண்ணு சங்கத்துக்கு வாங்கிட்டு, அவங்கள்ல இருந்து ரெண்டு பேர நிர்வாகத்துலயும் ஒக்கார வைங்க.

இப்ப ஒரு நடைமுறை விஷயம். ரோட்டுல ஒண்ணு மாத்தணும்னா யாருகிட்ட போறது? ஹட்டன் மெயின் ரோட்டு ஏ7 பெருந்தெரு, அவிசாவளைல இருந்து நுவரெலியா போற பாதை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு கீழ வரும். குப்பை, தெரு லைட், வியாபார லைசன்ஸ் ஹட்டன்-டிக்கோயா நகர சபை. கட்டட அனுமதின்னா நகர அபிவிருத்தி அதிகார சபையோட விதியும் வரும். லைட் கம்பத்துக்கு மின்சாரம் குடுக்குறவங்க, பஸ்ஸுக்கு வேற, போலீஸ் வேற. தனி ஒரு கடைக்காரர் இத்தன எடத்துக்கு ஏறி எறங்க முடியாது, ஒவ்வொரு எடத்துலயும் "இது எங்க வேலை இல்ல"ன்னு அடுத்த எடத்த காட்டுவாங்க. நூறு கடையோட கையெழுத்தோட, படத்தோட, அளவோட ஒரே கடிதம் எல்லா எடத்துக்கும் பிரதியோட போனா பதில் வரும், வரலன்னா சம்பளத்துக்கு இருக்குற அந்த ஆள் திரும்பப் போவாரு. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை மாதிரி எடங்கள்ல பிரதேச சபை தனியா வந்தது 2018லதான், அங்க சபையும் கிட்டத்துல இருக்கு, பேசுறதுக்கு சுகம். மஸ்கெலியாக்காரங்களுக்கு வேற ஒரு அனுபவமும் இருக்கு, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காக பழைய டவுன் தண்ணிக்குள்ள போய், கடைகளெல்லாம் புது எடத்துல திரும்ப ஆரம்பிச்ச ஊர் அது.

ஒரு ஆபத்தையும் சொல்லியே ஆகணும். ரோட்டு நல்லாச்சுன்னா வாடகை ஏறும். நம்ம டவுன்கள்ல கடை நடத்துறவர் ஒருத்தர், கட்டடம் வேற ஒருத்தருக்கு, அவரு கொழும்புல, கண்டில, சில பேர் லண்டன்லயும் கனடாவுலயும் இருப்பாங்க. கடைக்காரர் காசு போட்டு ரோட்ட அழகு பண்ணி கூட்டத்த கொண்டு வந்தா, அக்ரிமெண்ட் முடியிறப்ப கட்டடக்காரர் வாடகைய ரெட்டிப்பாக்கிருவாரு, கீ மணின்னு பெரிய முன்பணமும் கேப்பாரு, ஒழைச்சவர் வெளிய போக வேண்டியதுதான். ஜப்பான்ல தகமட்சுன்னு ஒரு ஊர்ல மருகமெமச்சி கடைத்தெரு சங்கம் இத நேரா கையில எடுத்துச்சு. நிலக்காரங்க நிலத்த விக்கல, கிட்டத்தட்ட 60 வருஷத்துக்கு குத்தகைக்கு விட்டாங்க, சங்கத்துக்காரங்க சேந்து ஆரம்பிச்ச கம்பெனி எந்த எடத்துல எந்தக் கடை வரணும்னு முடிவு பண்ணுச்சு, மேல வீடு கட்டி சனத்த டவுனுக்குள்ள குடி வச்சாங்க, மொத கட்டம் 2006ல தெறந்துச்சு. நாம அந்த அளவுக்கு போக காலம் ஆகும். இப்போதைக்கு கட்டடக்காரங்களையும் சங்கத்துல சேத்து, அவங்ககிட்டயும் பங்கு வாங்கி, அஞ்சு வருஷத்துக்கு வாடகை எவ்வளவு வீதத்துக்கு மேல ஏத்த மாட்டோம்னு எழுத்துல வாங்குறது செய்யக்கூடிய காரியம். கட்டடக்காரர் இல்லாம கடைக்காரங்க மட்டும் சேந்து ஆரம்பிக்காதீங்க, பலன் அவருக்கும் போகுது, செலவுல பங்கு அவருக்கும் இருக்கணும்.

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா எண்ணுறதுல இருந்து. சம்பள ஞாயித்துக்கிழம ஒண்ணு, சாதாரண புதன்கிழம ஒண்ணு, ரெண்டு நாள் ஸ்கூல் பிள்ளைங்க நாலு பேர ரோட்டு ரெண்டு முனைலயும் நிக்க வச்சு மணிக்கு எத்தன பேர் நடக்குறாங்கன்னு எண்ணச் சொல்லுங்க. பூட்டுன ஷட்டர் எத்தன, காலியான மேல் மாடி எத்தன, எரியாத லைட் எத்தன, ஒடஞ்ச கான் மூடி எத்தன, ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஒரு வருஷம் கழிச்சு அதே நாள் அதே மாதிரி எண்ணுனா வேலை நடந்துச்சா இல்லையான்னு யாரும் வாதாட வேண்டியதில்ல. ரோட்டு முழுசையும் எடுக்காம மொதல்ல பதினஞ்சு இருபது கடை இருக்குற ஒரு துண்ட மட்டும் எடுங்க. வரவு செலவ மாசா மாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல போர்ட்ல ஒட்டுங்க, கடைக்காரங்க மட்டும் இல்ல, வாங்க வர்றவங்களும் பாக்கட்டும். சிங்கள, முஸ்லிம், தமிழ் கடைக்காரங்க எல்லாரும் ஒரே சங்கமா இருக்கணும், கூட்ட அறிக்கைய தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதணும்.

கூட்டத்துக்கு நேரம் குறிக்கிறப்ப ஒண்ணு மட்டும் கவனிங்க. வழக்கமா கடை பூட்டி எட்டு மணிக்குத்தான் வைப்பாங்க, அப்ப தையல் கடை, பியூட்டி பார்லர், மரக்கறி கடை வச்சிருக்கிற பொம்பளைங்க கடைசி பஸ்ஸுக்கு போயிருப்பாங்க. மாசக் கடைசில வியாபாரம் கொறைஞ்ச ஒரு புதன்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்கு வைங்க, ஒரு மணி நேரத்துல முடிங்க.